பிழை என்றால் திருத்தலாம்... மாற்றம் என்றால்?

வீட்டு பீரோவில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படிவம் எண் 5. பெயர், பாலினம், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் பெயர், தந்தை பெயர், முகவரி, பதிவு எண். குழந்தையின் பெயரைச் சேர்க்க 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. தமிழக அரசு அந்த அவகாசத்தையும் பலமுறை நீட்டித்திருக்கிறது. பெயர் இல்லாத சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரத்தில் ஓடியலைந்து பெயர் சேர்த்த குடும்பங்கள் திண்டுக்கல் வட்டாரத்தில் எத்தனையோ.

பாலினத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். ஆண் அல்லது பெண் என்று முழுதாக எழுத வேண்டும், சுருக்கி எழுதக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகளோடு வந்த படிவம் கறாராகச் சொன்னது. பிரசவ அறையில் ஒரு கணம் பார்த்துச் சொல்லப்படும் அந்தச் சொல், ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் ஆளைத் தொடர்ந்து வருகிறது. அதை மாற்ற வேண்டிய நிலை ஒருவருக்கு வந்தால், எங்கே போவது, யாரைக் கேட்பது, சட்டம் என்ன சொல்கிறது?

திண்டுக்கல் மாநகராட்சியோ, ஒட்டன்சத்திரம் நகராட்சியோ, வேடசந்தூர் பேரூராட்சியோ, பிறப்பு இறப்புப் பிரிவு மேசைக்கு இந்த விஷயமாக இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். முதல் வகை, எழுதியவர் கை தவறியது. பிறந்தது பெண், பதிவேட்டில் ஆண். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால் வேலை முடிந்துவிடும். இரண்டாவது வகை, ஆண் என்று எழுதப்பட்டு, ஆணாக வளர்க்கப்பட்டு, தான் பெண் என்று அறிந்து, பெண்ணாக வாழ்கிற திருநங்கை. அல்லது பெண் என்று எழுதப்பட்ட திருநம்பி. இவர்களுக்கு மேசையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு கேள்வியாகவே இருக்கும்: "இதுக்கு ஜி.ஓ. இருக்கா?"

கேட்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதில் பதிவைத் திருத்த இருப்பது 15-ஆவது பிரிவு ஒன்றுதான். பதிவு வடிவத்திலோ பொருளிலோ பிழையானது என்று தெரிந்தால், அல்லது மோசடியாகவோ முறைகேடாகவோ பதியப்பட்டது என்று தெரிந்தால், பதிவாளர் திருத்தலாம் என்கிறது அந்தப் பிரிவு. திருத்தும் முறையும் அதிலேயே இருக்கிறது. பழைய பதிவை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. ஓரத்தில் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி இட வேண்டும். சட்டத்துக்குப் பிழை தெரியும், மோசடி தெரியும். காலப்போக்கில் வரும் மாற்றம் என்ற ஒன்று அதன் கணக்கிலேயே இல்லை.

வெறும் எழுத்துப் பிழை என்றால் பதிவாளரே விசாரித்துத் திருத்திவிடலாம். பொருளில் பிழை என்றால் விதிகள் இன்னொன்று கேட்கின்றன. விவரம் அறிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர், பிழை என்ன, உண்மை என்ன என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு திருநங்கையின் பிறப்பை நேரில் அறிந்தவர்கள் யார்? பெற்ற தாய், பக்கத்தில் இருந்த அத்தை, பாட்டி, பிரசவம் பார்த்த மருத்துவச்சி. இவர்களில் பாதிப்பேர் உயிரோடு இருக்க மாட்டார்கள். மீதிப்பேர்தான் அவரை வீட்டைவிட்டு விரட்டியவர்களாக இருப்பார்கள். பதினாறு வயதில் பஸ் ஏறிப் போன பிள்ளை முப்பது வயதில் திரும்பி வந்து, "எனக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்கும் நிலையை அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. வீட்டில் பிரசவம், யாரும் போய்ப் பதியவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுமே அவர்களுக்குப் பிறப்புக்கு அத்தாட்சி. ஆகவே மூத்த திருநங்கைகள் பலர் இந்தச் சிக்கலில் மாட்டாமலே காலத்தை ஓட்டிவிட்டார்கள். இளையவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், ஒழுங்காகப் பதிவானவர்கள். 2018 முதல் தமிழகத்தில் பிறப்புப் பதிவு கணினிக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்தே சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். பிழையும் அதே வேகத்தில் வந்து சேரும்.

ஒற்றைத் தாளின் அதிகாரம்

2023-இல் பாராளுமன்றம் 1969 சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பத்து ஆவணங்களில் ஒன்றாக இருந்த தாள், மற்ற ஆவணங்கள் எல்லாம் பிறக்கும் தாளாகிவிட்டது.

நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அடிக்கல்லாக ஆக்கப்பட்ட ஒரு தாளில் திருத்தத்துக்கான வழியையும் சேர்த்து அகலப்படுத்தியிருக்க வேண்டும். பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் யோசித்த அந்தத் திருத்தம் பாலின மாற்றத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அதே பாராளுமன்றம் திருநர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஒரு கை எழுதியதை இன்னொரு கை படிக்கவில்லை என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது?

நடைமுறையில் இது எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் நிறைய. ஆலை வேலைக்குச் சேர்ந்தால் பி.எஃப். கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் உள்ள பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் பாலினத்தை மாற்றுவது ஓரளவு எளிது. ஆனால் ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல. தேதிக்குப் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ காட்ட வேண்டும். அதில் வேறு பெயர், வேறு பாலினம். "இது நீங்கதானா?" என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. கேட்கும் இடம் ஆலை அலுவலகம். சுற்றிலும் உடன் வேலை செய்பவர்கள். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ விசா கேட்டாலும், திருமணத்தைப் பதியப் போனாலும் கதை இதுவேதான்.

ஆள் ஒருவர், ஆவணத்தில் வேறு என்பதை அரசாங்கத்தால் ஜீரணிக்க முடியாதா என்றால், திண்டுக்கல்காரர்களுக்கு அது முடியும் என்று நன்றாகவே தெரியும். 1985 செப்டம்பர் 15 வரை இந்த ஊர் மதுரை மாவட்டம். பிறகு தனி மாவட்டமாயிற்று. அதன் பின் காயிதே மில்லத், மன்னர் திருமலை, அண்ணா என்று பெயர் மாறி மாறி வந்தது. 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது வெறும் திண்டுக்கல் ஆனது. நிலக்கோட்டையில் ஒரே தெருவில் பிறந்த அண்ணன் தம்பிகளின் சான்றிதழ்களில் மாவட்டம் வேறு வேறாக இருக்கலாம். எந்த அதிகாரியாவது அதைப் பார்த்து, "மதுரையில பிறந்துட்டு திண்டுக்கல்னு ஏமாத்துறீங்களா?" என்று கேட்டதுண்டா? ஊர் மாறியதற்கு அரசாணை இருக்கிறது, எல்லா மேசையும் அதை அறிந்திருக்கிறது, அவ்வளவுதான். மனிதர் மாறியதற்கும் தாள் இருக்கிறது. அதை மேசை அறியவில்லை.

அந்தத் தாள் எது?

2014 ஏப்ரல் 15. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் தீர்ப்புச் சொன்ன நாள். தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவர்க்கே உண்டு, அதற்கு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2008-இல், இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு வந்தது 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜனவரி 10 முதல் அமல். நிறைவேறியபோது அதில் இருந்த ஏற்பாடு இது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா அதிகாரபூர்வ ஆவணங்களிலும் பாலினம் பதியப்பட வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு. சிகிச்சைக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள விரும்பினால், மருத்துவ அதிகாரியின் சான்றோடு 7-ஆவது பிரிவின்கீழ் திருத்திய சான்றிதழ் வாங்கலாம். சட்டம் அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தது. 2020 செப்டம்பரில் வந்த விதிகள் கொஞ்சம் இளகின. மனநல ஆலோசனையும் ஹார்மோன் சிகிச்சையும்கூட மருத்துவத் தலையீடுதான் என்று சேர்த்தன.

நம் விஷயத்துக்கு முக்கியமான வரி 7-ஆவது பிரிவின் கடைசியில் இருக்கிறது. இந்தச் சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உள்ளவர். பிறப்புச் சான்றிதழ் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். விதிகளின் இணைப்பில் உள்ள ஆவணப் பட்டியலிலும் அது இருக்கிறது. விண்ணப்பித்த 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும், புதிய ஆவணத்தில் பழைய ஆவணத்தின் எண்ணே தொடர வேண்டும் என்பது விதி. எண் தொடர்வது நல்ல யோசனை. ஆள் தொடர்கிறார் என்பதற்கு அதைவிடத் துல்லியமான அத்தாட்சி வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் இந்த வேலை தொடங்குகிற இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமான வேலுநாச்சியார் வளாகம். விண்ணப்பம் படிவம் 1, உறுதிமொழிப் பத்திரம் படிவம் 2, ஆட்சியர் தரும் சான்று படிவம் 3, திருத்திய சான்று படிவம் 4. இதற்கென மத்திய அரசு 2020 நவம்பரில் இணையதளமும் தொடங்கியது. ஆனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கையில் மனுவோடு வரிசையில் நிற்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். பட்டா கேட்பவர்களும் முதியோர் பென்ஷன் கேட்பவர்களும் நிற்கிற அந்த வரிசையில் ஒரு திருநங்கை தன் மனுவை நீட்டும்போது, பின்னால் நிற்பவர் எட்டிப் படித்துவிடக் கூடாதே என்ற பதற்றமும் சேர்ந்தே நிற்கும். நேரில் வரச் சொல்லும் வேலைகளில் இதையும் யோசிக்க வேண்டும்.

பெங்களூரு சொன்ன வழி

ஆட்சியர் சான்றிதழ் கையில் இருந்தும் பிறப்புப் பதிவாளர் மறுத்தால்? கர்நாடகத்தில் அதுதான் நடந்தது. அங்கே ஒரு திருநங்கை சிகிச்சை முடித்து மற்ற ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொண்ட பிறகு, பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். 1969 சட்டத்தில் இதற்கு இடமில்லை, பிழை இருந்தால்தான் திருத்த முடியும் என்று பதிவாளர் கை விரித்தார். வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பர் 20 அன்று நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் தீர்ப்பளித்தார்.

1969 சட்டத்தில் நேரடி வழி இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் 2019 சட்டம் கொடுத்த உரிமையைப் பதிவாளர் மதித்தே ஆக வேண்டும் என்றார். சட்டம் திருத்தப்படும் வரை, ஆட்சியரின் சான்றிதழை ஏற்று, பழைய பெயர், பழைய பாலினம், புதிய பெயர், புதிய பாலினம் நான்கும் இருக்கும்படி சான்றிதழ் கொடுக்க உத்தரவிட்டார். தேவையான சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்கும்படி கர்நாடகச் சட்ட ஆணையத்தையும் கேட்டுக்கொண்டார்.

பாதி வழிதான். ஆனாலும் வழி. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. பழையதும் புதியதும் ஒரே தாளில் இருந்தால், அந்தத் தாளை நீட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை நீட்ட வேண்டியிருக்கும். வீட்டு வாடகைக்குப் போகிறவர், புது வேலைக்குப் போகிறவர் எதற்காக அதைச் செய்ய வேண்டும்? பதிவேட்டில் பழைய பதிவு இருக்கட்டும். ஓரக் குறிப்பு இருக்கட்டும். 15-ஆவது பிரிவே அதைத்தான் சொல்கிறது. பதிவேடு வேறு, அதிலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ் வேறு. கையில் கொடுக்கும் சான்றிதழில் இன்றைய பெயரும் இன்றைய பாலினமும் போதும்.

இது நம் பதிவாளர்களுக்குப் புதிய வேலையும் அல்ல. தத்தெடுத்த குழந்தைக்கு வளர்ப்புப் பெற்றோரின் பெயரைத் தாய், தந்தை என்று போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபின், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் உறுதிமொழி கொடுத்தால் தந்தை பெயர் கேட்காமலே சான்றிதழ் தர வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், ஒரு திருநர் இணையரின் குழந்தைக்குத் தாய், தந்தை என்று பிரிக்காமல் பெற்றோர் என்று மட்டும் போட்டுச் சான்றிதழ் கொடுக்க உத்தரவிட்டது. வாழ்க்கைக்கு ஏற்றபடி தாள் வளைவது அடிக்கடி நடப்பதுதான்.

இலங்கையில் 2016-இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் சுற்றறிக்கை விட்டார்கள். மனநல மருத்துவர் ஒப்பமிடும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ளலாம். புதுச் சட்டம் இல்லை, நீதிமன்றம் இல்லை. வேலை நடந்தது சுற்றறிக்கையில். பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவேடு உண்டு. பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது. புதிய பிறப்புச் சான்றிதழில் பழைய பாலினத்தின் சுவடு இருக்காது. வேலை நிமித்தம் அந்த ரகசியம் தெரிந்த அதிகாரி வெளியே சொன்னால் அது குற்றம். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.

கரூரில் ஒரு போலீஸ்காரர்

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. கரூரில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வான ஒரு பெண். பிறப்புச் சான்றிதழில் பெண். பள்ளியில் பெண். கல்யாணம் ஆகி முறிந்த வாழ்க்கையிலும் பெண். பயிற்சியின்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் பெண் அல்ல, திருநர் என்று எழுதிவிட்டார்கள். வேலை போயிற்று.

2014 ஏப்ரல் 17 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தார். பிறந்தது முதல் பெண்ணாகப் பதியப்பட்டு, பெண்ணாக வாழ்ந்து, தன்னைப் பெண் என்று சொல்லும் ஒருவரை, ஆய்வுக்கூட அறிக்கையை வைத்துக்கொண்டு வேறு ஒருவராக்க அரசுக்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பின் சாரம். பிற்காலத்தில் அவரே வேறு அடையாளத்தைத் தேர்ந்துகொள்ள விரும்பினால் அதற்கும் கதவு திறந்திருக்கிறது என்றது நீதிமன்றம்.

இந்த வழக்கில் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை எந்தச் சான்றிதழும் காப்பாற்றவில்லை. பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள். இருவர் விஷயத்திலும் தாள் சொன்னதையும் ஆள் சொன்னதையும் தள்ளிவிட்டு மூன்றாவது யாரோ முடிவெடுத்தார்கள். திருநங்கையின் விஷயத்தில் மட்டும் அதே அரசு, தாள் சொன்னால் சொன்னதுதான் என்று நிற்கிறது. ஒரு இடத்தில் சான்றிதழ் செல்லாது, இன்னொரு இடத்தில் சான்றிதழ் அசையாது. எது வசதியோ அது சட்டம்.

21 நாளில் என்ன தெரியும்?

பிறந்த குழந்தையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியாத பிரசவங்களும் நடக்கின்றன. அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாட்டில் பெண் குழந்தையின் உறுப்பு ஆணுறுப்புபோல் தோன்றலாம். வேறொரு நொதிக் குறைபாட்டில், பெண் என்று எழுதி வளர்த்த பிள்ளைக்குப் பதிமூன்று, பதினாலு வயதில் குரல் உடைந்து மீசை அரும்பலாம். இவை இரண்டும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுக் குறை வந்து சேர்ந்தால் வருபவை. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கல்யாணம் செய்யும் நம் பக்கத்துக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. பேசப்படாத விஷயம், அவ்வளவே.

படிவத்தில் இரண்டே சொல், கையில் மூன்று வாரம், வாசலில் "என்ன குழந்தை?" என்று கேட்டபடி சொந்தபந்தம். இந்த நெருக்கடியில் குழந்தையின் உடலை அவசரமாக வெட்டித் தைத்து ஒரு பக்கம் சேர்த்துவிடுவது பல காலம் நடந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதற்குத் தடை போடச் சொன்னார். வழக்கு என்னவோ தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு ஆணுக்கும் திருநங்கைக்குமான திருமணத்தைப் பதிய மறுத்தது பற்றியது. இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்த நீதிபதி, அத்தோடு நிற்காமல், இடைபாலினக் குழந்தைகளுக்கு உயிர் காக்கும் அவசியம் இல்லாத நிலையில் பாலின அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும் சொன்னார். இடைபாலினத்தவர் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்த மதுரை கோபி ஷங்கரின் பணியைத் தீர்ப்பு பாராட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தமிழக அரசு தடை ஆணை போட்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான்.

உடலை அவசரப்பட்டு மாற்றாதே என்று சொல்லியாயிற்று. தாளை? பதினான்கு வயதில் உண்மை தெரியவந்த பிள்ளைக்கு, மருத்துவச் சான்றோடு போனால், பொருளில் பிழை என்று 15-ஆவது பிரிவில் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. இங்கேதான் என் வாதம். பாலினம் என்பது மனத்தில் ஆழ வேரூன்றிய உணர்வு, உடலுறுப்பு மட்டும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியானால் உறுப்பை மட்டும் பார்த்து எழுதிய பதிவு, திருநங்கையின் விஷயத்திலும் எழுதிய அன்றே பொருளில் பிழையானதுதான். "அன்னைக்கே தப்பா எழுதிட்டாங்க" என்று அவர்கள் சொல்வது சட்டத்துக்கு ஒத்துவராத புலம்பல் அல்ல. புதிய பிரிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் 15-ஆவது பிரிவே போதும். நம்பத்தகுந்த இரண்டு பேருக்குப் பதில் ஆட்சியரின் சான்றிதழை ஏற்றுக்கொள்ள வேண்டும். மாவட்ட ஆட்சியரைவிட நம்பத்தகுந்தவர் இரண்டு பேரை எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

இதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா என்ற கேள்வி எழும். கடன்காரனிடமிருந்தும் போலீசிடமிருந்தும் தப்பிக்கப் பாலினம் மாற்றுவார்கள் என்பார்கள். பதிவு எண் மாறாது, பதிவேட்டில் பழைய பதிவு அழியாது, ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு இருக்கும், ஆதாரில் கைரேகை அதேதான். தப்பிக்க நினைப்பவன் இத்தனை அலுவலகம் ஏறி இறங்கித் தன் பெயரையும் பழைய பெயரையும் அரசுக்கு எழுதிக்கொடுக்க மாட்டான். சொத்துப் பங்கு என்று ஒரு கவலையும் உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்கும் மகனுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்பதால் அதிலும் சாரம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் அல்லாத மூன்றாவது கட்டத்தில் பதிவானவர்கள் 22,364 பேர். இவர்கள் எல்லோரும் நாளையே பிறப்புச் சான்றிதழ் மாற்ற வரப்போவதில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சில மனுக்கள் வந்தால் அதிகம். தமிழகத்தின் தலைமைப் பிறப்பு இறப்புப் பதிவாளர் பொது சுகாதாரத் துறை இயக்குநர். அவர் அலுவலகத்திலிருந்து, ஆட்சியரின் சான்றிதழை ஆதாரமாக ஏற்று 15-ஆவது பிரிவின்கீழ் ஓரக் குறிப்பு எழுதுங்கள், புதிய சான்றிதழில் இன்றைய பெயரையும் பாலினத்தையும் மட்டும் காட்டுங்கள், பழைய விவரத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை, கடைசிப் பேரூராட்சியின் மேசைக்கும் கடைசிக் கிராம நிர்வாக அலுவலருக்கும் போய்ச் சேர வேண்டும். நலவாரியம் அமைப்பதில் முந்திய மாநிலத்துக்கு இது பெரிய காரியமல்ல.

அதுவரை, மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்சியர் கொடுத்த சான்றிதழின் நகல், பழைய பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் இணைத்து மனுவை எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முடியாது என்று வாயால் சொன்னால், அதையே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேளுங்கள். திண்டுக்கல்லுக்கு உயர் நீதிமன்றம் மதுரைக் கிளைதான். அங்கே ரிட் மனு போடுவதற்கு அந்த மறுப்புக் கடிதம்தான் முதல் ஆவணம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 2014 வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன ஆணையத்தின் மாவட்டக் கிளை அது.